லித்தியம் எடுப்பவருக்கு டி.எஸ்.எச். 7.8: லித்தியத்தை நிறுத்துவதா, தைராய்டு மாத்திரை தொடங்குவதா?

கயல் (கேள்வி)

என் அக்காவுக்கு 43 வயது, எடை 62 கிலோ. பைபோலார் வகை 1 (மனநிலை மிக உயரவும் தாழவும் மாறிப் புரளும் நோய்). லித்தியம் கார்பனேட் 900 மி.கி., இரவு 9 மணிக்கு ஒரே வேளையாக, 14 மாதமாக எடுக்கிறார். மனநிலை நிலையாக இருக்கிறது. தைராய்டு எண்கள் மட்டும் ஏறிக்கொண்டே போகின்றன.

லித்தியம் தொடங்கும் முன்: டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 2.1
6ஆம் மாதம்: டி.எஸ்.எச். 4.9
இப்போது: டி.எஸ்.எச். 7.8, ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) 1.3 (லேப் வரம்பு 0.8 முதல் 1.8), லித்தியம் 0.7, கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டுவது) 0.8

சோர்வு, மலச்சிக்கல், முடி கொட்டுவது மூன்றும் இருக்கின்றன. எடை 4 கிலோ கூடியிருக்கிறது. முடிக்காகப் பயோட்டின் 10,000 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்றும், கால்சியம் 500 மி.கி. வைட்டமின் டி சேர்ந்தது ஒன்றும் காலையில் எடுக்கிறார். இரண்டும் அவராகவே கடையில் வாங்கியவைதான்.

"லித்தியம் தைராய்டைக் கெடுத்துவிட்டது, அதை நிறுத்திவிட்டால் சரியாகிவிடும்" என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். மனநல மருத்துவரைப் பார்க்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. லித்தியத்தை நிறுத்தத்தான் வேண்டுமா? தைராய்டு மாத்திரை தொடங்கினால் ஆயுள் முழுக்க எடுக்க வேண்டுமா? போவதற்கு முன் வேறு எந்தப் பரிசோதனைகளை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது?

---

இளங்கோ (நாளமில்லாச் சுரப்பியியல்)

கயல், முதல் கேள்விக்கு உடனே பதில்: இந்த எண்ணுக்காக லித்தியத்தை நிறுத்த வேண்டாம். வீட்டிலிருப்பவர்கள் சொல்லி இந்த இரண்டு வாரத்துக்குள் அக்காவும் தானாக நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தைராய்டு குறைந்தால் ஈடு செய்ய எளிய மாத்திரை இருக்கிறது. லித்தியம் நன்றாக வேலை செய்கிற ஒருவருக்கு அதற்கு நிகரான மாற்று கிடைப்பது அவ்வளவு எளிதல்ல.

என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். லித்தியம் ரத்தத்தில் இருக்கும் அளவைவிடச் சில மடங்கு அதிகமாகத் தைராய்டுச் சுரப்பிக்குள் சேர்கிறது. அங்கே அது செய்யும் முக்கியமான வேலை, தயாராகிச் சேமிப்பில் இருக்கும் ஹார்மோன் ரத்தத்துக்கு வெளியேறுவதைத் தடுப்பது. சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதும், ஹார்மோன் உருவாகும் கடைசிக் கட்டமும்கூட ஓரளவு மட்டுப்படுகின்றன. ரத்தத்தில் ஹார்மோன் குறைவதை மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி உணர்ந்து டி.எஸ்.எச்.ஐ அதிகமாக விடுகிறது. அந்தத் தூண்டுதலில் சுரப்பி கூடுதலாக உழைத்துச் சமாளிக்கும்போது டி.எஸ்.எச். ஏறியும் டி4 சரியாகவும் இருக்கும். அக்காவின் அறிக்கை இப்போது காட்டுவது இந்த நிலையைத்தான். சமாளிக்க முடியாத கட்டத்தில் டி4 இறங்கும். தூண்டுதல் நெடுநாள் நீடித்தால் சுரப்பி வீங்கும். டென்மார்க்கின் மோகென்ஸ் ஷௌவும் உடன் பணியாற்றியவர்களும் 1968இலேயே லித்தியம் எடுப்பவர்களின் கழுத்து வீக்கத்தைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஆகவே இது அரிதான விபத்தல்ல, எதிர்பார்த்துக் கண்காணிக்க வேண்டிய பக்கவிளைவு. 2012இல் லான்செட் இதழில் 385 ஆய்வுகளைத் தொகுத்து வந்த கட்டுரையில், லித்தியம் எடுப்பவர்களுக்குத் தைராய்டு குறைபாடு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 6 மடங்கு என்று கணக்கிட்டிருந்தார்கள். பெண்களுக்கும், நடுவயதினருக்கும், ஏற்கெனவே தைராய்டு எதிர்ப்பொருள் இருப்பவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். முதல் இரண்டு ஆண்டுகளில்தான் பெரும்பாலும் தெரியவரும்.

லித்தியம் தொடங்கிய முதல் சில மாதங்களில் டி.எஸ்.எச். கொஞ்சம் ஏறித் தானாக இறங்குவது உண்டு. அதனால் ஒரே ஒரு முறை 5, 6 என்று வந்ததைப் பார்த்து மாத்திரை தொடங்குவதில்லை. 6 முதல் 12 வாரம் கழித்து மறுபடி பார்ப்போம். அக்காவுடையது அப்படி இல்லை. 2.1, 4.9, 7.8 என்று ஒரே திசையில் போகிறது, தொடங்கி ஓராண்டும் தாண்டிவிட்டது. தானாக இறங்கும் என்று காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

மாத்திரை எப்போது? டி.எஸ்.எச். 10ஐத் தாண்டி அதே நிலையில் நின்றால் தொடங்குவதில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. டி4 வரம்புக்குக் கீழே இறங்கியிருந்தால் டி.எஸ்.எச். எவ்வளவு என்று பார்க்கவே தேவையில்லை, சிகிச்சை வேண்டும். 4.5க்கும் 10க்கும் நடுவில் இருப்பவர்களுக்கு மற்றவற்றையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்கிறோம்: அறிகுறி இருக்கிறதா, டி.பி.ஓ. எதிர்ப்பொருள் (உடல் தன் தைராய்டையே எதிர்ப்பதற்கான அடையாளம்) இருக்கிறதா, கழுத்து வீங்கியிருக்கிறதா. பைபோலார் இருப்பவருக்கு இந்த வாசலை இன்னும் கொஞ்சம் தாழ்த்தி வைப்பது நியாயம் என்பது என் கருத்து. காரணத்தை மனநல மருத்துவர் யாராவது வந்து விளக்கினால் நன்றாக இருக்கும்.

ஆயுள் முழுக்கவா என்றால், டி.பி.ஓ. எதிர்ப்பொருள் அதிகமாக இருந்தால் அநேகமாக ஆமாம். அங்கே லித்தியம் செய்தது, ஏற்கெனவே உள்ளுக்குள் நடந்துகொண்டிருந்த தன்னெதிர்ப்பு நோயை விரைவுபடுத்தியது மட்டுமே. எதிர்ப்பொருள் இல்லாதவருக்கு, வேறு காரணத்துக்காக என்றாவது லித்தியம் நிறுத்தப்பட்டால் சுரப்பி மீளக்கூடும். அப்போது தைராய்டு மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் 6 முதல் 8 வாரம் கழித்து டி.எஸ்.எச். பார்த்து விலக்கலாம்.

எடுத்து வைக்க வேண்டியவை: டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, டி.பி.ஓ. எதிர்ப்பொருள், சீரம் கால்சியம் (அல்புமின் என்ற ரத்தப் புரதத்தோடு சேர்த்து), கிரியாட்டினின், லித்தியம் அளவு. கழுத்தில் வீக்கமோ கட்டியோ தட்டுப்பட்டால் அல்ட்ராசவுண்ட், இல்லையென்றால் அவசரமில்லை. கால்சியத்தை விட்டுவிடாதீர்கள். உங்கள் பட்டியலில் அது இல்லாததுதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. கால்சியம் மாத்திரையும் எடுக்கிறார் என்பதால் இன்னும் கவனம் தேவை.

---

ஆய்வகத்தான்

டாக்டர் சொன்ன பரிசோதனைகளை எடுப்பதற்கு முன் ஒரு விஷயம். அந்தப் பயோட்டின் மாத்திரையை நிறுத்தாமல் எடுத்தால் அறிக்கையை நம்ப முடியாது. ஏற்கெனவே வந்திருக்கும் 7.8கூடச் சந்தேகத்துக்குரியதுதான்.

பல தைராய்டுப் பரிசோதனைக் கருவிகள் பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் குணத்தை வைத்து இயங்குகின்றன. ரத்தத்தில் பயோட்டின் வெள்ளமாக இருந்தால் அந்தப் பிடி குழம்பிவிடும். டி.எஸ்.எச். அளக்கும் முறையில் இது அளவைக் குறைத்துக் காட்டும். ஃப்ரீ டி4, டி3 அளக்கும் முறையில் கூட்டிக் காட்டும். அதாவது உண்மையான டி.எஸ்.எச். 7.8ஐவிட அதிகமாகவும், டி4 1.3ஐவிடக் குறைவாகவும் இருக்கலாம். உடலுக்கு ஒரு நாளைக்குத் தேவையான பயோட்டின் 30 மைக்ரோகிராம் அளவுதான். முடிக்கென்று விற்கும் மாத்திரையில் அதைப்போல் முந்நூறு மடங்குக்கு மேல். எல்லாக் கருவிகளிலும் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் உங்கள் லேபில் எந்தக் கருவி என்று தேடிக்கொண்டிருப்பதைவிட மாத்திரையை நிறுத்திவிட்டுப் போவது எளிது. குறைந்தது 2 நாள். இந்த அளவுக்கு 3 நாள் நிறுத்துவது பாதுகாப்பு.

லித்தியத்துக்கு: கடைசி வேளை எடுத்து 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். இரவு 9 என்றால் காலை 9. அரை மணி முன்பின் பரவாயில்லை. காலை 7 மணிக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தால் அளவு கூடுதலாகத் தெரியும், அதைப் பார்த்து ஒருவர் தேவையில்லாமல் டோஸைக் குறைப்பார். லித்தியத்தை இரண்டு வேளையாகப் பிரித்து எடுப்பவர்கள் காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகே போட வேண்டும்.

குழாய் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பிழை நடந்துகொண்டேதான் இருக்கிறது. பச்சை மூடிக் குழாய்களில் ஒரு வகைக்கு உள்ளே பூசியிருக்கும் உறைதடுப்பானே லித்தியம் ஹெப்பாரின். அதில் எடுத்த ரத்தத்தில் லித்தியம் அளந்தால் 1 முதல் 4 மில்லிமோல் வரைகூடப் பொய்யாக ஏறும். ரத்தம் குறைவாக நிரம்பியிருந்தால் பிழை இன்னும் பெரிது. 0.7 உள்ளவருக்கு 2.5 என்று வந்து, நச்சு நிலை என்று பதறிப் படுக்கையில் சேர்த்துவிடுவார்கள். ரத்தம் எடுப்பவரிடம் "லித்தியம் லெவல், சீரம் குழாயில் எடுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சிவப்பு அல்லது மஞ்சள் மூடி. எந்த அறிகுறியும் இல்லாதவருக்குத் திடீரென மிக அதிக அளவு வந்தால் முதலில் குழாயின் நிறத்தைக் கேளுங்கள்.

டி.எஸ்.எச். இரவிலும் விடியலிலும் அதிகமாகவும் பிற்பகலில் குறைவாகவும் இருக்கும். ஒரு முறை காலையிலும் அடுத்த முறை மாலையிலும் எடுத்து ஒப்பிட்டால் தவறான முடிவுக்குப் போவோம். எப்போதும் அதே லேப், அதே நேரம்.

---

மனநலப் பணியாளர் ந.

இளங்கோ டாக்டர் எங்களிடம் விட்டுவைத்த பகுதி.

தைராய்டு லேசாகக் குறைந்தாலே பைபோலாரில் மனநிலை இறங்கிக் கிடப்பதும், மனச்சோர்வு மருந்துகளுக்குச் சரியாக மசியாததும், ஆண்டுக்கு 4 முறையோ அதற்கு மேலோ மனநிலை புரளும் வேகச் சுழற்சியும் தொடர்புபட்டவையாகப் பார்க்கப்படுகின்றன. அதனால்தான் 10 வரும்வரை காத்திருக்கலாம் என்ற பொதுவிதி இங்கே அப்படியே பொருந்துவதில்லை. டி.எஸ்.எச். 6, 7 என்ற அளவில் நிற்க, மனச்சோர்வும் விலகாமல் இருந்தால், மனச்சோர்வு மருந்தைக் கூட்டும் முன் தைராய்டைச் சரிசெய்வதுதான் முறை.

இன்னொரு பக்கம், சோர்வு, எடை கூடுதல், மறதி, மந்தம் எல்லாவற்றையும் தைராய்டு தலையில் கட்டிவிடவும் கூடாது. இவை லித்தியத்தாலேயே வரலாம், கூட எடுக்கும் மற்ற மருந்தால் வரலாம், மனச்சோர்வின் தொடக்கமாகவும் இருக்கலாம். தைராய்டுப் பக்கம் சாய்வதற்கு உதவும் அடையாளங்கள்: குளிர் தாங்காமை, தோல் வறண்டு தடித்தல், குரல் கம்முதல், நாடித்துடிப்பு மெதுவாதல், மாதவிலக்கில் உதிரம் அதிகமாதல். மனச்சோர்வில் அழுகை, குற்றவுணர்வு, நம்பிக்கையின்மை முன்னால் நிற்கும். இரண்டும் சேர்ந்தும் வரும் என்பதுதான் தொல்லை.

லித்தியத்தைத் திடீரென நிறுத்துவதைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். அப்படி நிறுத்தினால் அடுத்த சில மாதங்களில் மேனியா (மனநிலை கட்டுமீறி உயரும் கட்டம்) திரும்பும் அபாயம் கூர்மையாக ஏறுகிறது, தற்கொலை அபாயமும் ஏறுகிறது. நிறுத்தத்தான் வேண்டும் என்று மருத்துவர் முடிவெடுத்தாலும் குறைந்தது 4 வாரம், முடிந்தால் 3 மாதம் வரை இழுத்துப் படிப்படியாகக் குறைப்பார். 7.8 என்ற டி.எஸ்.எச்.க்காக இந்த அபாயத்தை வாங்கிக்கொள்வது மிகத் தவறான பேரம். வீட்டில் பேசும்போது இதை அப்படியே சொல்லுங்கள்.

அளவு 0.7 என்பது நல்ல இடம். நீண்டகாலத் தடுப்புக்கு 0.6 முதல் 0.8 என்பதே வழக்கமான இலக்கு. 900 மி.கி.யைக் குறைத்தால் தைராய்டு சரியாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எதிர்த்திசையும் உண்டு. லித்தியம் எடுப்பவர்களுக்கு எப்போதாவது வலியில்லாத் தைராய்டு அழற்சி வந்து, சேமிப்பிலிருந்த ஹார்மோன் ஒரேயடியாக ரத்தத்தில் கசியும். டி.எஸ்.எச். 0.1க்குக் கீழே போகும், டி4 ஏறும். தூக்கமின்மை, படபடப்பு, எரிச்சல், எடை இறக்கம், கைநடுக்கம். பார்ப்பவர் மேனியா திரும்பிவிட்டது என்று லித்தியத்தைக் கூட்டுவார், அல்லது நடுக்கத்தைப் பார்த்து லித்தியம் நச்சு என்று நிறுத்துவார். இரண்டுமே தவறு. மேனியா என்று தோன்றுகிற ஒவ்வொரு முறையும் லித்தியம் அளவோடு டி.எஸ்.எச்.ஐயும் அனுப்பிவிட்டால் இந்தக் குழப்பம் இராது. அழற்சியா, சுரப்பி அளவுக்கு மீறி ஹார்மோன் சுரக்கும் கிரேவ்ஸ் நோயா என்று பிரித்தறிய, தைராய்டு ஏற்பியைத் தூண்டும் எதிர்ப்பொருளும் ஸ்கேனும் உதவும்: அழற்சியில் சுரப்பி, ஸ்கேனுக்காகக் கொடுக்கும் கதிரியக்க மருந்தை உறிஞ்சாது, கிரேவ்ஸில் நன்றாக உறிஞ்சும். ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கும் கார்பிமசோல் அழற்சிக்குப் பயன்படாது, ஏனென்றால் அங்கே புதிதாக ஹார்மோன் உற்பத்தியாவதில்லை, பழையது கசிகிறது. படபடப்புக்குப் ப்ரோப்ரனலால் கொடுத்துக் காத்திருந்தால் சில வாரங்களில் அடங்கும். அதன்பின் பலருக்குக் குறைபாட்டுக் கட்டம் வரும் என்பதால் டி.எஸ்.எச்.ஐத் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

---

பூங்குழல்

இடையில் ஒரு கேள்வி. சுரப்பிக்கு அயோடின்தானே தேவை? கடற்பாசி மாத்திரை, அயோடின் சொட்டு என்று கொடுத்தால் இயற்கையாகச் சரியாகாதா?

---

இளங்கோ (நாளமில்லாச் சுரப்பியியல்)

வேண்டாம், பூங்குழல். லித்தியத்தோடு சேர்ந்தால் அது நேர்மாறாக வேலை செய்யும். அதிக அயோடின் தானாகவே தைராய்டு ஹார்மோன் உற்பத்தியையும் வெளியீட்டையும் தற்காலிகமாக அடக்கும். நலமான சுரப்பி சில நாளில் அதிலிருந்து விடுபட்டுவிடும். லித்தியத்தால் தடுமாறும் சுரப்பியோ, டி.பி.ஓ. எதிர்ப்பொருள் உள்ள சுரப்பியோ விடுபடாமல் மாட்டிக்கொள்ளும். இரண்டு தடைகளும் ஒன்றுசேர்ந்து குறைபாட்டை ஆழமாக்கும். கடற்பாசி மாத்திரைகளில் அயோடின் எவ்வளவு என்பதும் ஒரு புட்டிக்கும் இன்னொரு புட்டிக்கும் மாறும். பொட்டாசியம் அயோடைடு சேர்ந்த சளி மருந்துக்கும் இதே எச்சரிக்கை. இதயத்துக்குக் கொடுக்கும் அமியோடரோனில் எடையில் 37 சதவீதம் அயோடின்தான். லித்தியத்தோடு அதைக் கொடுக்க நேர்ந்தால் தைராய்டை மிக நெருக்கமாகக் கண்காணிக்க வேண்டும். அன்றாடச் சமையலில் சேரும் அயோடின் உப்பு பற்றிக் கவலை வேண்டாம். உப்பைத் திடீரென வெட்டிவிடவும் கூடாது; உப்பு குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

---

கயல்

எல்லோருக்கும் மிக்க நன்றி. பயோட்டினை 3 நாள் நிறுத்திவிட்டு, காலை 9 மணிக்கு சீரம் குழாயில் கொடுத்தோம்.

டி.எஸ்.எச். 11.6
ஃப்ரீ டி4 0.9
டி.பி.ஓ. எதிர்ப்பொருள்: பாசிட்டிவ், வரம்பைப்போல் பல மடங்கு
லித்தியம் 0.7
கிரியாட்டினின் 0.8
கால்சியம் 10.9 (வரம்பு 8.5 முதல் 10.5)
அல்புமின் 4.5

கால்சியத்தை வரம்புக்கு மேல் என்று சிவப்பில் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் பயமாகிவிட்டது. லெவோதைராக்ஸின் (தைராய்டு மாத்திரை) எழுதினால் எவ்வளவிலிருந்து தொடங்குவார்கள்?

---

இளங்கோ (நாளமில்லாச் சுரப்பியியல்)

ஆய்வகத்தான் சொன்னது போலவே வந்திருக்கிறது பாருங்கள். இப்போது படம் தெளிவு. டி.எஸ்.எச். 10ஐத் தாண்டிவிட்டது, எதிர்ப்பொருளும் இருக்கிறது, அறிகுறியும் இருக்கிறது. மாத்திரை தேவை என்பதில் எனக்குத் தயக்கமில்லை. அது அநேகமாக நீண்டகால மாத்திரையாகவே இருக்கும்.

முதலில் கால்சியம், ஏனென்றால் நீங்கள் பயந்திருப்பது அதைப் பார்த்து. ரத்தக் கால்சியத்தில் ஒரு பகுதி அல்புமினோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அல்புமின் அதிகமாக இருந்தால் மொத்தக் கால்சியமும் அதிகமாகத் தெரியும். திருத்தம் இப்படி: அளந்த கால்சியம் + 0.8 × (4 − அல்புமின்). அக்காவுக்கு 10.9 + 0.8 × (4 − 4.5), அதாவது 10.9இலிருந்து 0.4 கழிய 10.5. வரம்பின் உச்சியைத் தொட்டு நிற்கிறது, தாண்டவில்லை. ஆபத்தான எண் அல்ல. அதற்காக அலட்சியப்படுத்தக்கூடிய எண்ணும் அல்ல.

தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் நான்கு சிறிய பாராதைராய்டுச் சுரப்பிகளையும் லித்தியம் தொடுகிறது. "ரத்தத்தில் கால்சியம் போதும்" என்று அவை உணரும் புள்ளியை அது மேலே தள்ளிவிடும். அதனால் போதுமான அளவு இருந்தும் ஹார்மோன் சுரந்துகொண்டே இருக்கும். முன்பு சொன்ன 2012 கட்டுரையிலேயே லித்தியம் எடுப்பவர்களின் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் சுமார் 10 சதவீதம் உயர்வதாகக் காட்டியிருந்தார்கள். கால்சியம் கூடினால் சோர்வு, மலச்சிக்கல், மந்தம், மனச்சோர்வு, அடிக்கடி சிறுநீர். முதல் நான்கையும் மறுபடி படியுங்கள்: தைராய்டுக் குறைபாட்டின் பட்டியல் அப்படியே. டி.எஸ்.எச். சரியான பிறகும் சோர்வு போகவில்லை என்று வருபவர்களில் கால்சியத்தைப் பார்க்காமலே விட்டவர்கள் இருப்பார்கள்.

எனவே கால்சியம், வைட்டமின் டி சேர்ந்த அந்த மாத்திரையை இப்போதைக்கு நிறுத்திவைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். என் விடை ஆமாம். 4 வாரம் கழித்துக் கால்சியம், அல்புமின், பாராதைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி நான்கையும் ஒரே ரத்தத்தில் பாருங்கள். கால்சியம் ஏறியிருக்கும்போது பாராதைராய்டு ஹார்மோன் அடங்கியிருக்க வேண்டும். சாதாரண வரம்புக்குள் இருந்தால்கூட அது பொருத்தமில்லாத சாதாரணம்தான். திருத்திய கால்சியம் 11ஐத் தாண்டினாலோ, சிறுநீரகக் கல் அல்லது எலும்புத் தேய்வு தெரிந்தாலோ எங்களைப் போன்றவர்களிடம் அனுப்பச் சொல்லுங்கள்.

லெவோதைராக்ஸின்: சுரப்பி முற்றிலும் செயலிழந்தவருக்கு முழு அளவு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம், 62 கிலோவுக்குச் சுமார் 100. அக்காவின் சுரப்பி இன்னும் வேலை செய்கிறது, அதனால் அவ்வளவு தேவைப்படாது. 43 வயது, இதயநோய் இல்லையென்றால் 50 மைக்ரோகிராமில் தொடங்குவது இயல்பு. பைபோலார் என்பதால் 25இல் தொடங்கி 50க்கு ஏற்றினாலும் நான் குறை சொல்ல மாட்டேன். ஹார்மோனை வேகமாக ஏற்றினால் சிலருக்கு மனநிலை மேலே தாவும். வயதானவர்களுக்கும் இதயத்தில் ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கும் 12.5 அல்லது 25தான். பிறகு 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை டி.எஸ்.எச். பார்த்து 12.5 அல்லது 25 மைக்ரோகிராம் வீதம் ஏற்றுவோம். இந்த மருந்தின் அரைவாழ்வு சுமார் 7 நாள், பிட்யூட்டரி அதற்கும் மெதுவாகத்தான் சமநிலைக்கு வரும். 2 வாரத்தில் பரிசோதித்து "இன்னும் இறங்கவில்லை" என்று டோஸை ஏற்றுவது, பின்னால் அளவு மிஞ்சிப் போவதற்கு வழி.

டி.எஸ்.எச். 0.5 முதல் 3க்குள் நின்றால் போதும். அதற்கும் கீழே தள்ளினால் இதயத்துடிப்பு ஒழுங்கு தவறுவதும் எலும்பு மெலிவதும் தொடங்கும்.

---

செண்பகம் (மருந்தாளுநர்)

கயல், மாத்திரை எழுதிக்கொடுத்த பிறகு வீட்டில் நடக்க வேண்டியவை என் பங்கு. எழுதிய டோஸ் சரியாக இருந்தும் டி.எஸ்.எச். இறங்காததற்குப் பெரும்பாலும் எடுக்கும் முறைதான் காரணம்.

காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். அதன்பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வேறெதுவும் கூடாது. காபியும் இந்தக் கணக்கில் வரும். மாத்திரையோடு காபி குடித்தால் மருந்து உறிஞ்சப்படுவது குறையும். காலை சரிப்படாதவர்கள் இரவு, கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது எடுக்கலாம். இரண்டில் எது என்றாலும் அதிலேயே நிலைத்திருங்கள்.

கால்சியம், இரும்புச்சத்து, அலுமினியம் அல்லது மெக்னீசியம் உள்ள அமில எதிர்ப்பு மருந்து: இவற்றுக்கும் லெவோதைராக்ஸினுக்கும் நடுவில் 4 மணி நேர இடைவெளி. பல சத்துகள் சேர்ந்த மல்டிவைட்டமின் மாத்திரையிலும் இரும்பும் கால்சியமும் இருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். லித்தியத்தோடு இதற்கு மோதல் கிடையாது. இரவு லித்தியம், காலை லெவோதைராக்ஸின் என்று தானாகவே பிரிந்துவிடும்.

ரத்தம் கொடுக்கும் நாளில் லெவோதைராக்ஸினை ரத்தம் கொடுத்த பிறகு போடட்டும். போட்ட சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 கொஞ்சம் ஏறித் தெரியும். ஆக அந்தக் காலையின் ஒழுங்கு: முந்தின இரவு 9க்கு லித்தியம், மறுநாள் 9க்கு ரத்தம், அதன்பின் தைராய்டு மாத்திரை, அரை மணிக்குப் பின் காலையுணவு. பயோட்டின் தேவையா என்பதையும் யோசியுங்கள். டி.எஸ்.எச். சரியானால் முடி கொட்டுவது சில மாதங்களில் பெரும்பாலும் நின்றுவிடும்.

மறந்த வேளைகள்: லெவோதைராக்ஸின் ஒரு நாள் விட்டுப்போனால் பாதகமில்லை, நினைவு வந்ததும் எடுக்கலாம். லித்தியம் விட்டுப்போனால் அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது. இந்த இரண்டு விதிகளையும் மாற்றி நினைவில் வைத்துக்கொண்டால் ஆபத்து. மாத்திரைப் பெட்டியில் காலை, இரவு என்று தனித்தனிக் கட்டத்தில் வையுங்கள். லெவோதைராக்ஸின் ஈரமும் வெளிச்சமும் தாங்காது. அட்டையிலிருந்து ஒரு வாரத்துக்கு மேல் முன்கூட்டியே பிரித்து வைக்காதீர்கள். நிறுவனம் மாற்றி வாங்க நேர்ந்தால் 6 வாரம் கழித்து டி.எஸ்.எச். பார்க்கச் சொல்லுங்கள்.

கூட எடுக்கும் மருந்துகளில்: கார்பமசெபின் சேர்த்தால் டி4 வேகமாகக் கரையும், லெவோதைராக்ஸின் அளவை ஏற்ற வேண்டி வரலாம். மூட்டுவலிக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவற்றைத் தானாக வாங்கிப் போடக்கூடாது; லித்தியம் அளவு ஏறும். ரத்த அழுத்தத்துக்குத் தையசைடு, எனலப்ரில் வகை மருந்துகளும் அப்படியே. வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

கர்ப்பத்தைத் திட்டமிடுபவர் யாராவது இதைப் படித்தால் ஒரு வரி. கர்ப்பம் உறுதியானதும் லெவோதைராக்ஸின் தேவை 25 முதல் 50 சதவீதம் வரை கூடும், லித்தியம் அளவோ இறங்கும். இரண்டு மருத்துவர்களிடமும் கருத்தரிக்கும் முன்பே பேசிவிடுங்கள்.

---

மனநலப் பணியாளர் ந.

ஒன்றைச் சேர்க்கிறேன். தைராய்டு குறைந்திருக்கும்போது சிறுநீரகம் வடிகட்டும் வேகமும் குறையும், லித்தியம் சற்றுத் தேங்கும். தைராய்டு சரியானதும் அந்த வேகம் மீண்டு, அதே 900 மி.கி.யில் லித்தியம் அளவு இறங்கக்கூடும். அக்காவின் குறைபாடு லேசானது, கிரியாட்டினினும் நன்றாக இருக்கிறது, பெரிய மாற்றம் எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் லெவோதைராக்ஸின் தொடங்கி 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச்.க்கு ரத்தம் எடுக்கும்போது லித்தியத்தையும் சேர்த்தே பாருங்கள். 0.7 இருந்தது 0.5 என்று இறங்கியிருந்தால், தைராய்டு நன்றாகிக்கொண்டிருக்கும் நேரத்தில் மனநிலை காவலின்றி நிற்கும்.

நிலைத்த பிறகு: டி.எஸ்.எச்., கால்சியம், சிறுநீரகச் செயல்பாடு 6 மாதத்துக்கு ஒரு முறை. தைராய்டுக் குறைபாடு வந்துவிட்டவருக்கு லித்தியம் அளவை 3 மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பது நல்லது. ஒரு தாளில் தேதி, டி.எஸ்.எச்., டி4, திருத்திய கால்சியம், லித்தியம், கிரியாட்டினின், அன்றைய டோஸ் என்று பத்தி பிரித்து எழுதி வாருங்கள். மூன்று மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்க்கும் ஒருவருக்கு எல்லா எண்களும் ஒன்றாக இருக்கும் இடம் அந்தத் தாள் மட்டும்தான்.

வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வந்து தண்ணீர் வற்றினாலோ, கை பெரிதாக நடுங்கி நடை தள்ளாடி வாய் குழறினாலோ சந்திப்பு நாள் வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் லித்தியம் அளவைப் பார்க்க வேண்டும்.

---

கயல்

தாள் தயார். சந்திப்புக்கு எல்லா அறிக்கைகளோடும் போகிறோம். லித்தியத்தை நிறுத்தக்கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன், காரணத்தைக் கேட்டதும் ஒப்புக்கொண்டார்கள். கால்சியம் மாத்திரையைப் பற்றி முதல் ஆளாகக் கேட்கிறேன். 8 வாரம் கழித்து வரும் எண்களை இங்கேயே போடுகிறேன்.